படியில் உட்கார வைத்தால் பையன் அடங்குவானா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருப்பது:

"மகனுக்கு 4 வயது, பாப்பாவுக்கு 11 மாதம். கணவருக்குக் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை. விடிகாலை பஸ் பிடித்துப் போனால் ராத்திரி எட்டரைக்குத்தான் வருவார். வீட்டில் மாமியார் இருக்கிறார். பையன் பாப்பாவை அடிக்கிறான், கிள்ளுகிறான். போன் இல்லாமல் சோறு இறங்குவதில்லை. நர்சரியிலிருந்து வந்து 4 மணிக்குப் படுத்தால் ஆறரைக்கு எழுவான், அப்புறம் ராத்திரி 11 வரை தூக்கமில்லை. காலை 7 மணிக்கு எழுப்ப வேண்டும். யூடியூபில் 'சூப்பர்நேனி' பார்த்துவிட்டு அவனை வாசற்படியில் உட்கார வைத்தேன். இரண்டு நாள் சிரித்தான், மூன்றாம் நாள் தெருவுக்கு ஓடினான். மாமியார் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். அதில் காட்டுகிற மாதிரி தூங்க வைக்கவும் பார்த்தேன், இரண்டு ராத்திரியோடு விட்டுவிட்டேன். இப்போது ஓர் இணைய சேனல்காரர்கள், வீட்டுக்கு வந்து ஒரே வாரத்தில் பையனை மாற்றிக் காட்டுகிறோம், அதை நிகழ்ச்சியாகப் போடுகிறோம், பணமும் தருகிறோம் என்கிறார்கள். சரி என்று சொல்லலாமா? நான் செய்ததில் என்ன தப்பு?"

சேனல்காரர்கள் அவசரப்படுத்துவார்கள் என்பதால் அந்தக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம்.

நீங்கள் பார்த்த 'சூப்பர்நேனி', அடங்காத பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒரு நேனி, அதாவது பிள்ளை பார்த்துக்கொள்ளும் பெண், வந்து பெற்றோரைப் பழக்கும் நிகழ்ச்சி. அது பிரிட்டனில் சேனல் 4இல் 2004இல் தொடங்கியது. அதில் வரும் ஜோ ஃப்ராஸ்ட் என்பவர் பல ஆண்டுகள் வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொண்ட அனுபவத்தோடு வந்தவர். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் ஏபிசி தொலைக்காட்சி அவரை வைத்து அங்கத்திய குடும்பங்களைப் படமெடுத்தது. சில ஆண்டுகளுக்குள் பல நாட்டுத் தொலைக்காட்சிகள் அதே அச்சை வாங்கி, தங்கள் ஊர் ஆளை வைத்துச் செய்ய ஆரம்பித்துவிட்டன. ஜெர்மனியில் கட்டரீனா சால்ஃபிராங்க், ஸ்பெயினில் உளவியலாளரான ரோசியோ ராமோஸ் பவுல், போலந்தில் டோரோட்டா ஜவாட்ஸ்கா, பிரேசிலில் அர்ஜென்டினாவில் பிறந்த கிறிஸ் போலி. ஆளும் மொழியும்தான் மாறின. அடக்க முடியாத பிள்ளை, அழும் அம்மா, வெளியிலிருந்து வரும் ஒரு பெண்மணி, கடைசியில் கட்டிப்பிடிப்பு என்ற கதைக்கட்டு எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அந்தக் கதைக்கட்டுக்கு முதலில் பிள்ளை கெட்டபெயர் எடுத்தாக வேண்டும். முதல் 10 நிமிடம் அவன் எவ்வளவு மோசம் என்று காட்டினால்தான் கடைசி 5 நிமிடத்துக்கு மதிப்பு. போர்ச்சுகலில் 2018 ஜனவரியில் எஸ்ஐசி என்ற தொலைக்காட்சி இதைத் தொடங்கியபோது, குழந்தைகள் உரிமை அமைப்புகள் முதல் பகுதியிலேயே எதிர்ப்புத் தெரிவித்தன. விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. பிள்ளைகளின் முகமும் குரலும் அடையாளம் தெரியாதபடி மறைக்காமல் ஒளிபரப்பக் கூடாது என்று உத்தரவானது. இரண்டே பகுதிகளோடு நிகழ்ச்சியை நிறுத்திக்கொண்டார்கள். முகத்தை மறைத்தால் அந்த நிகழ்ச்சியில் காட்ட என்ன மிச்சமிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெர்மனியில் ஆர்டிஎல் ஒளிபரப்பிய நிகழ்ச்சி 2004 முதல் 2011 வரை ஓடியது. 2011 செப்டம்பரில் வந்த ஒரு பகுதியில் ஒரு தாய் பிள்ளைகளை அடிப்பதும் மிரட்டுவதும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. அது பிள்ளைகளின் மனித மாண்பை மீறிய செயல் என்று அந்த நாட்டின் இளையோர் ஊடகப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2014இல் ஹனோவர் நிர்வாக நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது.

உங்கள் பையனுக்கு இப்போது 4 வயது. கொழிஞ்சாம்பாறை பெரிய ஊரில்லை. அவன் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது யாரோ ஒருவன் அந்த வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டுவான். அதற்கு இன்று வரும் பணம் ஈடாகாது.

சட்டமும் இருக்கிறது. குழந்தைத் தொழிலாளர் விதிகளில் 2017இல் செய்த திருத்தத்தின்படி, ஒலி, ஒளி ஊடகத் தயாரிப்பு எதிலும் குழந்தையை ஈடுபடுத்த மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். வாயால் சொல்லித் தட்டிக்கழிக்கச் சங்கடமாக இருந்தால், "பாலக்காடு கலெக்டர் அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அதோடு போன் வராது.

இனி நீங்கள் வீட்டில் செய்தது.

அந்த நிகழ்ச்சியில் கற்றுக்கொடுப்பது பொய்யில்லை. அடிப்படையில் அது அறுபது ஆண்டுகளாக உளவியலாளர்கள் கையாளும் முறைதான். நல்லதைச் செய்யும்போது கவனம் கொடு, கெட்டதைச் செய்யும்போது சற்று நேரம் கவனத்தை எடு. பிரச்சினை, அது எடிட் செய்யப்பட்டிருக்கும் விதத்தில். வந்தவர் முதல் நாள் ஒன்றும் செய்யாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பிறகு பெற்றோரை உட்கார வைத்துப் பேசுவார். அதற்கப்புறம்தான் பழக்குவது. நடுவில் சில நாள் அவர் கிளம்பிப் போய்விட, கேமரா மட்டும் ஓடும். திரும்பி வந்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டி, எங்கே சறுக்கினார்கள் என்று சொல்லித் திருத்துவார். இவ்வளவும் விளம்பரம் போக முக்கால் மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். அதனால் பார்ப்பவர் மனதில் நிற்பது, தப்பு செய்த பிள்ளையைச் சற்று நேரம் உட்கார வைக்கும் அந்தப் படிக்கட்டு மட்டும்தான். ஆஸ்திரேலியாவில் மேத்யூ சாண்டர்ஸ் உருவாக்கிய பெற்றோர் பயிற்சித் திட்டத்தை வைத்து பிரிட்டனில் 2005இல் ஐடிவி ஒரு தொடர் ஒளிபரப்பியது. அதைப் பற்றிய ஆய்வில், தொடரை மட்டும் பார்த்த குடும்பங்களைவிட, கூடவே பயிற்சி நூலும் இணைய வழி உதவியும் பெற்ற குடும்பங்களுக்குப் பலன் அதிகமாக இருந்தது. பார்ப்பதற்கும் பழகுவதற்கும் உள்ள தூரம் அது.

உங்கள் வீட்டில் முதலில் தவறியது இடம். நிகழ்ச்சியில் வரும் வீடுகளில் படிக்கட்டு வீட்டுக்குள் இருக்கிறது. ஆள் நடமாட்டமில்லை, பேச்சுத் துணை இல்லை. நம் வாசற்படி ஊரே பார்க்கும் இடம். பால்காரர் நிற்பார், எதிர்வீட்டு அக்கா "என்ன கண்ணு, அம்மா வெளிய தள்ளிட்டாளா?" என்பார். கவனத்தை எடுப்பதற்காக உட்கார வைத்த இடத்தில் அவனுக்கு முன்னைவிட அதிகக் கவனம் கிடைக்கிறது. அவன் சிரித்ததில் ஆச்சரியமே இல்லை. பத்துப் பேர் பார்க்கும்போது கூச்சப்படுகிற பிள்ளையாக இருந்தால் அது அவமானமாகிவிடும். அது இன்னும் கெடுதல். "வாசப்படில புள்ளையை உக்கார வெக்காதே, லச்சுமி வர்ற எடம்" என்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பார். காரணம் வேறாக இருந்தாலும் அவர் சொன்னது சரி.

இடத்தை வீட்டுக்குள் மாற்றுங்கள். ஹாலில் டிவிக்கு முதுகு காட்டும் சுவரோரம் போதும், உங்கள் கண்ணில் படவேண்டும். இருட்டறை, குளியலறை, அடுப்படி, தேங்காய் போட்டு வைக்கும் அறை எதுவும் கூடாது. கதவைச் சாத்தவே கூடாது. பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், அவன் கோபத்தில் அதைத்தான் தூக்கி எறிவான். ஒரு சின்னக் கோரைப்பாய் விரித்தால் எறியவும் முடியாது, எங்கே உட்கார வேண்டும் என்பதும் தெளிவு. சும்மா இருக்கும்போது, ஒரு பொம்மையை அதில் உட்கார வைத்து எடுத்து, எப்படி நடக்கும் என்று அவனுக்கு ஒரு தடவை காட்டிவிடுங்கள். வெளி கேட்டைக் கொக்கி போட்டபிறகே தொடங்குங்கள்.

எதற்கெல்லாம் பாய் என்பதையும் குறுக்குங்கள். டிவியில் பலகை நிறைய விதி எழுதி மாட்டுவார்கள். எழுத்துத் தெரியாத நாலு வயதுக்கு அது வெறும் சுவர் அலங்காரம். உங்களுக்கு இப்போதைக்கு ஒரே விதி: பாப்பாவை அடிக்கவும் கிள்ளவும் கூடாது. சோறு சிந்தியதற்கு, எதிர்த்துப் பேசியதற்கு, சட்டை போட மறுத்ததற்கு எல்லாம் பாய்க்கு அனுப்பினால் ஒரு வாரத்தில் அது மதிப்பிழந்துவிடும்.

அடித்த அந்த நொடியில்: பாப்பாவைப் பதறாமல் தள்ளி வையுங்கள். அவன் உயரத்துக்குக் குனியுங்கள். சாதாரணக் குரலில், "பாப்பாவை அடிச்சே. அடிக்கக் கூடாது. பாய்ல உக்காரு." அவ்வளவுதான் வாக்கியம். நிகழ்ச்சியில் முதலில் ஓர் எச்சரிக்கை கொடுப்பார்கள். மற்ற குறும்புக்கு அது பொருந்தும், கைக்குழந்தையை அடிப்பதற்கு எச்சரிக்கை கிடையாது, நேரே பாய்தான். எச்சரிக்கை கொடுத்தால், ஓர் அடி இலவசம் என்று அவன் கணக்குப் போடுவான்.

வயதுக்கு ஒரு நிமிடம் என்று அதில் சொல்வார்கள். அதை உச்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் 2 நிமிடம் போதும், 4ஐத் தாண்ட வேண்டாம். அவன் உட்கார்ந்தபின்தான் நேரம் ஓட வேண்டும். போன் அலாரம் வைக்காதீர்கள், போனைப் பார்த்தாலே அடுத்த சண்டை ஆரம்பம். சுவர்க் கடிகாரம் போதும். அந்த நேரத்தில் யாரும் அவனோடு பேசக் கூடாது. திட்டுவதும் பேச்சுத்தான், சமாதானமும் பேச்சுத்தான். "ஏன்டா இப்படிப் பண்றே, நான் என்னடா பாவம் பண்ணேன்" என்று நீங்கள் தூரத்திலிருந்து புலம்பினாலும் அவனுக்கு வேண்டிய கவனம் வந்துவிட்டது.

எழுந்து ஓடினால் பேசாமல் கூட்டிவந்து உட்கார வையுங்கள். கையை முறுக்கவோ தோளை அழுத்திப் பிடித்து உட்கார வைக்கவோ கூடாது. அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கிறது என்றால் அன்றைக்குப் பாயை விட்டுவிட்டு, பாப்பாவை எடுத்துக்கொண்டு நீங்கள் 2 நிமிடம் விலகி, அவன் கண்ணில் பட, முதுகைக் காட்டி நில்லுங்கள். அதுவும் அதே வேலையைச் செய்யும்.

நேரம் முடிந்ததும் பக்கத்தில் போய், "எதுக்கு உக்கார வெச்சேன்?" என்று ஒரே கேள்வி. சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால் நீங்களே சொல்லி அணைத்துக்கொண்டு முடியுங்கள். நிகழ்ச்சியில் மன்னிப்புக் கேட்க வைப்பார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாயால் 'சாரி' சொல்லிவிட்டுத் திரும்பக் கிள்ளுவதைத்தான் அது கற்றுத்தருகிறது. பாப்பா அழுதால் கிலுகிலுப்பையை எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள், செய்தால் பாராட்டுங்கள். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. ராத்திரி கணவர் செருப்பைக் கழற்றும்போதே "உங்க மகன் இன்னிக்கு என்ன பண்ணான் தெரியுமா" என்று தொடங்காதீர்கள். "அப்பா வரட்டும், இருக்கு உனக்கு" என்பதும் கூடாது. எட்டரைக்கு வரும் மனிதருடன் அவனுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். அதைப் போலீஸ் வேலைக்குச் செலவிட வேண்டாம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், முதல் வாரத்தில் அவன் அடம் கூடும். இதுவரை கத்தினால் கிடைத்தது இனிமேல் கிடைக்காது என்றால் எந்தப் பிள்ளையும் முதலில் இன்னும் பலமாகக் கத்திப் பார்க்கும். அந்த உச்சத்தில் நாம் இறங்கிப்போனால், இவ்வளவு கத்தினால்தான் நடக்கும் என்று அவன் புது அளவைக் கற்றுக்கொள்கிறான். அவன் கத்தல் நின்றதால் நமக்கும் நிம்மதி, அதனால் விட்டுக்கொடுப்பதை நாமும் கற்றுக்கொள்கிறோம். இந்தச் சுழலை ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் வீடுவீடாகப் பார்த்து எழுதிவைத்தார். மூன்றாம் நாள் நீங்கள் விட்டது சரியாக அந்த இடத்தில்தான்.

இனி மாமியார். நீங்கள் அவரைத் தடையாகப் பார்க்கிறீர்கள் என்று கடிதத்தில் தெரிகிறது. நீங்கள் அடுப்படியில் நிற்கும்போதும் துணி துவைக்கும்போதும் அவனைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவர் சம்மதம் இல்லாமல் எந்த முறையும் இந்த வீட்டில் நிற்காது. பையன் அழும் நேரத்தில் பேசாமல், அவன் தூங்கியபின் பேசுங்கள். "யூடியூப்ல காட்டினாங்க" என்று ஆரம்பித்தால் அத்தோடு முடிந்தது. "அத்தை, பாப்பா கண்ணுல குத்திருவானோன்னு பயமா இருக்கு. இதுக்கு மட்டும் ரெண்டு நிமிஷம் உக்கார வெக்கலாம். அடிக்க மாட்டேன், வெளிய தள்ள மாட்டேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் கைநீட்ட மாட்டீர்கள் என்று தெரிந்தால் அவரும் குறுக்கே வருவது குறையும். பெரியவர்கள் பெரும்பாலும் தூக்க வருவது அடிக்குப் பயந்துதான். இன்னொன்று, அழும் பிள்ளையைப் பார்த்துச் சும்மா உட்கார ஓர் ஆத்தாவால் முடியாது. அதனால் அந்த 2 நிமிடம் பாப்பாவை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தூக்கத் துடிக்கும் கைக்கு ஒரு பிள்ளை கிடைத்துவிடும்.

பாய் இந்த வேலையில் சின்னப் பங்குதான். பையனுக்குப் பாப்பா பிறந்த பிறகு போன மடி திரும்பக் கிடைக்க வேண்டும். தினம் 10 நிமிடம், பாப்பா தூங்கும் நேரமாகப் பார்த்து, அவனோடு மட்டும் தரையில் உட்காருங்கள். அவன் என்ன விளையாடுகிறானோ அதுதான் விளையாட்டு. "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று பாடம் நடத்தக் கூடாது. கேள்வி கேட்காமல், திருத்தாமல், அவன் செய்வதைச் சொல்லிக்கொண்டே இருங்கள்: "லாரில மண்ணு ஏத்தறே... ஓ, இப்ப கொட்டறே." கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். அமெரிக்காவில் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பெற்றோர், குழந்தை சிகிச்சையில் தினம் 5 நிமிடம் இதே விளையாட்டுத்தான் பெற்றோருக்கு வீட்டுப்பாடம். அன்று அவன் அடித்திருந்தாலும் இந்த 10 நிமிடத்தைத் தண்டனையாக வெட்டிவிடக் கூடாது.

கூடவே, கட்டளை இடும் விதம். "குளிக்கப் போலாமா கண்ணு?" என்று கேட்டால் "வேண்டாம்" என்பதும் ஒரு பதில்தான், நீங்கள் கோபப்பட முடியாது. பக்கத்தில் போய், பேரைச் சொல்லி, ஒரே ஒரு வேலையைச் சொல்லி, மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். செய்ததும் அதே இடத்தில் "சொன்ன உடனே செருப்பை எடுத்து வெச்சுட்டே" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். "குட் பாய்" என்றால் எதற்கென்று அவனுக்குப் புரியாது.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் 3 நாள் ஒரு வேலை செய்யுங்கள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், ஒவ்வொரு அடிக்கும் மணி என்ன, அதற்கு முன் என்ன நடந்தது, பின் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று குறியுங்கள். நீங்கள் பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதும், அவன் நர்சரியிலிருந்து பசியோடு வரும்போதும், தவழும் பாப்பா அவன் சாமானைப் பிடித்து இழுக்கும்போதும்தான் பெரும்பாலும் விழுந்திருக்கும். அப்படியென்றால் பாதி அடியைப் பாய் இல்லாமலே நிறுத்தலாம். வந்ததும் தின்ன ஏதாவது கொடுப்பது, பாப்பா கை எட்டாத உயரத்தில் அவன் சாமானுக்கு ஓர் அலமாரித் தட்டு, பால் கொடுக்கும் நேரத்துக்கென்றே ஒரு டப்பா விளையாட்டுப் பொருள்.

தூக்கத்துக்கு வருவோம். நீங்கள் எழுதிய மணிகளைக் கூட்டிப் பாருங்கள். ராத்திரி 11 முதல் காலை 7 வரை 8 மணி நேரம், மாலை 4 முதல் ஆறரை வரை இரண்டரை. மொத்தம் பத்தரை. 3, 4 வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஆக, அவனுக்குத் தூக்கம் கிடைக்கிறது, நேரம்தான் இடம் மாறியிருக்கிறது. ஆறரைக்கு எழுந்த பிள்ளையை 9 மணிக்குப் படுக்க வைத்தால் எந்த நாட்டு நேனி வந்தாலும் தூங்காது. உங்கள் இரண்டு ராத்திரியும் தோற்றது முறையால் இல்லை.

மாலைத் தூக்கத்தை முக்கால் மணி நேரத்தில் எழுப்புங்கள், 5 மணிக்கு மேல் போகவே கூடாது. எழுந்ததும் அரை மணி சிணுங்குவான், வெளியே வெளிச்சத்தில் விட்டுவிடுங்கள். படுக்கும் நேரத்தை ஒரேயடியாக மாற்றாமல் 3 நாளுக்கு 15 நிமிடம் முன்னே இழுங்கள். 11இலிருந்து 9க்கு வர 8 படி, 24 நாள். கணவர் எட்டரைக்கு வருவதால் 9க்கு முன் வைப்பது நடைமுறையில் முடியாது. வந்ததும் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் விளையாட்டு வேண்டாம். கை கால் கழுவி வந்து கதை சொல்வது அவர் வேலையாக இருக்கட்டும். படுக்க ஒரு மணி நேரம் முன்பே போன், டிவி இரண்டும் நிற்க வேண்டும். இது பெரியவர்களுக்கும்தான். சீரியல் நேரத்தில் இது பெரிய தியாகம், மாமியாரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

நிகழ்ச்சியில் பிள்ளை தனி அறையில் தூங்கும். எழுந்து வந்தால் முதல் தடவை கொஞ்சிச் சொல்லிப் படுக்க வைப்பார்கள், இரண்டாம் தடவை ஒரே சொல், மூன்றாம் தடவையிலிருந்து பேச்சே இல்லாமல் கொண்டுபோய் விடுவார்கள். நம் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறோம். அதை மாற்ற வேண்டியதில்லை. தனி அறை அவர்கள் ஊர் வழக்கம், மருத்துவத் தேவை அல்ல. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மௌனத்தை. படுக்கும் முன் ஒன்றுக்கு, ஒரு வாய் தண்ணீர், கதை, விளக்கணைப்பு என்று தினமும் ஒரே வரிசை. அதற்கப்புறம் எழுந்தால் பேசாமல் திரும்பப் படுக்க வையுங்கள். பத்தாவது தடவை தண்ணீர் கேட்கும்போது கொடுத்தால், பத்து தடவை கேட்க வேண்டும் என்று கற்றுக்கொள்வான். "பூச்சாண்டி வர்றான், கண்ணை மூடு" என்பதை வீட்டில் யார் சொன்னாலும் நிறுத்துங்கள். பயந்த பிள்ளைக்குத் தூக்கம் வராது.

சாப்பாட்டுப் போனை இப்போது தொடாதீர்கள். மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றப்போய் மூன்றும் கெட்டுப்போகும். தூக்கம் சரியாகி ஒரு வாரம் ஆனபின், முதலில் காலைச் சாப்பாட்டில் மட்டும் போனை எடுங்கள். தட்டில் கொஞ்சமாக வையுங்கள், அவனே கையால் எடுத்துச் சாப்பிடட்டும், அரை மணி நேரம் ஆனால் பேச்சில்லாமல் தட்டை எடுங்கள். அடுத்த சாப்பாட்டுக்கு முன் பிஸ்கட், பால் என்று இட்டு நிரப்பாதீர்கள். இந்த வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது.

தொடங்கும் நாளாக ஒரு சனிக்கிழமையைப் பாருங்கள், மறுநாள் கணவர் வீட்டில் இருப்பார். தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் பொள்ளாச்சியில் கல்யாணமோ கோயில் நோம்பியோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். உறவினர் நிறைந்த வீட்டில் பாயும் நடக்காது, 9 மணியும் நடக்காது.

3 வாரம் ஒழுங்காகச் செய்தும் காலண்டர் குறிப்பில் அடி குறையவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். கீழே சொல்வது ஏதாவது இருந்தால் 3 வாரம் காத்திருக்கவே வேண்டாம்: கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேசுவது வெளியாட்களுக்குப் புரிவதில்லை, சமைப்பது, கடை வைப்பது மாதிரி பாவனை விளையாட்டு இல்லை, முன்பு பேசியது, செய்தது நின்றுபோயிருக்கிறது, வாயைத் திறந்தபடி பலமாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறான். காதுப் பரிசோதனையை முதலில் செய்யுங்கள், காது மந்தமான பிள்ளை 'சொல் பேச்சுக் கேட்காத' பிள்ளையாகத்தான் தெரியும். வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்க மாவட்ட அளவில் அரசு நடத்தும் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் உண்டு, அங்கன்வாடி டீச்சரோ ஆரம்ப சுகாதார நிலையமோ வழி சொல்வார்கள். வீட்டில் தமிழ், நர்சரியில் மலையாளம் என்பதால்தான் குழம்புகிறான் என்று யாராவது சொன்னால் நம்பி வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தடைபடுவதில்லை.

கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 11 மாதக் குழந்தை, ராத்திரி 11 மணி வரை விழிப்பு, பகல் முழுக்கக் கணவர் துணை இல்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது, எதிலும் மனம் ஒட்டவில்லை, பிள்ளைகள் மேல் ஆத்திரம் கைமீறுகிறது என்றால் அதற்கும் மருத்துவம் இருக்கிறது. 14416 என்ற டெலி மனஸ் எண், அரசின் மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.